14 வருஷம் ஷெட்ல நின்ன ரோட்கிங்: மேட்டுப்பாளையத்துல ஓடுது, கோத்தகிரி வந்தா இருமுது

தேயிலைத்தூள்:
வணக்கம், எனக்கு பைக் வேலை ஒண்ணும் தெரியாது, ஸ்பேனர் செட்டே போன மாசம்தான் வாங்குனேன், அதனால சின்னப்புள்ளைக்கு சொல்ற மாதிரி சொல்லுங்க. எங்க பெரியப்பாவோட யெஸ்டி ரோட்கிங், 1986 மாடல். அவரு போனதுக்கப்புறம் இலை எடை போடற ஷெட்ல உர மூட்டைக்கு பின்னாடி 14 வருஷம் நின்னுச்சு. மேட்டுப்பாளையத்துக்கு பிக்கப்ல இறக்கி ஒரு மெக்கானிக்கிட்ட விட்டேன், டேங்க் துரு எடுத்து கார்ப்ரேட்டர் கழுவி பிளக், பேட்டரி, செயின் எல்லாம் மாத்துனாரு. கல்லார் வரைக்கும் ஓட்டி காட்டுனாரு, சும்மா கிண்ணுன்னு இருந்துச்சு. திரும்ப பிக்கப்லயே மேல ஏத்திட்டு வந்து இறக்கி ஸ்டார்ட் பண்ணா பாதி த்ராட்டிலுக்கு மேல பொத பொதன்னு அடைக்குது, புகை வேற, பிளக்க கழட்டுனா கரி அப்பி ஈரமா இருக்கு. புது பிளக் போட்டா ரெண்டு நாள் தாங்குது. ஒருத்தர் இன்ஜின் போர் பண்ணணும் (சிலிண்டர கடைஞ்சு பெருசாக்கறது)ங்கறாரு, ஃப்ரெண்டு ஒருத்தன் கார்ப்ரேட்டர்ல பெட்ரோல் வர்ற துளை, அந்த மெயின் ஜெட்ட பெருசா போடுங்கறான். எதை கேக்கறது? (கிக்கர்தான் கியர் லிவர்னு தெரியாம முத நாள் கியர் எங்கடான்னு வலது பக்கமெல்லாம் தேடுனேன், சிரிக்காதீங்க.)

பாயிண்ட்_கேப்:
சிரிச்சாச்சு தம்பி. போர்ல கை வைக்காதீங்க, ஜெட்ட பெருசாக்குனா இன்னும் மோசமாகும். மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர், கோத்தகிரி கிட்டத்தட்ட 1800 மீட்டர் உயரம். இங்க காத்து ஏறக்குறைய ஏழுல ஒரு பங்கு லேசு, ஆனா கார்ப்ரேட்டர் அதே அளவு பெட்ரோல் விட்டுட்டே இருக்கும், அதுக்கு மலை தெரியுமா. பெட்ரோல் அதிகம் காத்து கம்மி, அதான் பிளக் ஈரம். கார்ப்ரேட்டர் மேல் மூடிய கழட்டுனா ஸ்லைடுக்குள்ள ஒரு ஊசி இருக்கும், அதுல வரிவரியா வெட்டும் ஒரு சின்ன கிளிப்பும் இருக்கும். கிளிப்ப ஒரு வெட்டு மேல தூக்கிப் போடுங்க, ஊசி இறங்கும், பாதி த்ராட்டில்ல பெட்ரோல் கம்மியாகும். ஒரே ஒரு வெட்டு, அதுக்கு மேல வேண்டாம், பழைய இடத்தை ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கங்க. அதுக்கு முன்னாடி ஏர் ஃபில்டர் பெட்டிய திறந்து பாருங்க. பெட்ரோல்ல டூ-டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) எவ்வளவு கலக்கறீங்க? நான் லிட்டருக்கு 40 மில்லி விடறேன், பயத்துல கூட ஊத்தற ஆளுங்கதான் ஜாஸ்தி.

ரெண்டு_சைலன்சர்:
அண்ணன் சொல்றது சரிதான், ஆனா நான் மொதல்ல கரண்ட் பக்கம் பார்ப்பேன், ஏன்னா இந்த வண்டி பேட்டரி இக்னிஷன், பேட்டரி இளைச்சா ஸ்பார்க்கும் இளைக்கும், அப்பவும் பிளக் ஈரமாத்தான் வரும், நீங்க கார்ப்ரேட்டர நோண்டிட்டே இருப்பீங்க. நம்ம ஊரு மஞ்சுல நின்ன வண்டிக்கு பாயிண்ட்ல (ஸ்பார்க்குக்கு கரண்ட வெட்டி விடற சின்ன சுவிட்ச்) பச்சை பூத்துடும். நைஸ் எமரி பேப்பர்ல தேச்சு, பெட்ரோல் துணியால துடைச்சு, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற தகடு) வெச்சு 0.4 எம்எம் கேப் வைங்க. இன்னொண்ணு, கியர் ஆயில் அளவு குறையுதான்னு பாருங்க. இடது பக்க கிராங்க் சீல் (கியர் ஆயில் இன்ஜினுக்குள்ள போகாம தடுக்கற ரப்பர் வளையம்) காஞ்சு போயிருந்தா இன்ஜின் கியர் ஆயில உறிஞ்சி குடிக்கும், வெள்ளைப் புகையா தள்ளும், அதை எந்த ஊசியும் சரி பண்ணாது. 14 வருஷம் நின்ன ரப்பர் எப்படி இருக்கும்னு யோசிங்க. இப்ப வர்ற எத்தனால் பெட்ரோல்ல பழைய ட்யூபெல்லாம் ஊறிப் போகுது, அதையும் மாத்திடுங்க. நான் சாமான் வாங்க மைசூர்தான் போவேன், கூடலூர்ல இருந்து கிட்டத்தான், இந்த வண்டி பொறந்த ஊரே அதுதானே, 96ல ஃபேக்டரி மூடுனாலும் சாமான் இன்னும் கிடைக்குது.

தேயிலைத்தூள்:
அண்ணன்களா, எங்க வீட்ல யாரும் நம்பல, அதனால இங்க சொல்றேன்: ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ள எலிக்கூடு! காஞ்ச இலை, சாக்கு நூல், பெரியப்பாவோட பீடிக்கட்டு உறை எல்லாம். ஒன்றரை மாசம் வெச்சிருந்த மெக்கானிக் அந்தப் பெட்டிய திறக்கவே இல்ல போல. ஆனா கூட்ட எடுத்ததுக்கப்புறமும் கொஞ்சம் அடைச்சுது, அப்புறம் பாயிண்ட் தேச்சேன், லேசா மாறுச்சு, கடைசியா கிளிப் ஒரு வெட்டு ஏத்துனேன், அவ்வளவுதான், நேத்து கொடநாடு வரைக்கும் போயிட்டு வந்தேன், பிளக் காப்பிப்பொடி கலர்ல இருக்கு. கியர் ஆயில் குறையல. வர்ற ஞாயித்துக்கிழமை மேட்டுப்பாளையம் இறங்கி அந்த மெக்கானிக்கிட்டயே காட்டப் போறேன்.

குஞ்சப்பனை_ஏத்தம்:
தம்பி நில்லுங்க. ஏறுறத விட இறங்கறதுதான் டூ ஸ்ட்ரோக்குக்கு எமன். இதுல ஆயில் பெட்ரோலோடதான் உள்ள போகுது, த்ராட்டில மூடிட்டு கியர்ல இறங்குனா இன்ஜின் வேகமா சுத்தும், ஆனா பெட்ரோலும் போகாது ஆயிலும் போகாது, பிஸ்டன் காஞ்சு சிலிண்டர்ல சிக்கி சீஸ் ஆகி பின் சக்கரம் லாக் ஆயிடும், கொண்டை ஊசியில அது நடந்தா சொல்லவே வேண்டாம். அதுக்காக நியூட்ரல்ல விடறதும் தப்பு. சின்ன கியர்ல வாங்க, அப்பப்ப கிளட்ச் புடிச்சு த்ராட்டில் ஒரு முறுக்கு, திரும்ப விடுங்க. கீழ போயிட்டா கிளிப்ப பழைய வெட்டுக்கு இறக்குங்க, மேல வெச்ச செட்டிங் கீழ காத்து ஜாஸ்தியாயி இன்ஜின் சூடாகும். மலைக்கும் கீழுக்கும் மாறி மாறி ஓடற எங்களுக்கு இது பல்லு விளக்கற மாதிரி. ஆமா, பிரேக் ஷூ மாத்துனாரா? நீங்க எழுதுன லிஸ்ட்ல அது இல்லையே. டயர்?

தேயிலைத்தூள்:
இப்பத்தான் டிரம்ம கழட்டுனேன். ஷூ கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கு, முன்னாடி ஷூ பாதி உரிஞ்சே கிடக்கு. டயர் பக்கவாட்டுல பாளம் பாளமா வெடிப்பு. இதை வெச்சுட்டு நேத்து கொடநாடு போயிருக்கேன். ஞாயித்துக்கிழமை பஸ்ல போயி ஷூவும் டயரும் வாங்கிட்டு வரேன், வண்டி ஷெட்லயே நிக்கட்டும், எலிப்பொறி வெச்சுட்டேன்.