இருட்டில் மின்னிய கற்கண்டு, அரைத்ததும் நிறம் மாறிய பொடி

பகாவ் பேத்தி:

எங்கள் தோட்டத்தில் ராத்திரி பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். ஒரு பொங்கலுக்கு முதல் நாள், லயத்துக் குசினி இருண்டு கிடக்க, பாட்டி பெரிய கற்கண்டுக் கட்டியை உரலில் போட்டு ஓங்கி இடித்தார். இடிக்கு இடி நீலமாக ஒரு மின்னல். அலறிவிட்டேன். "முனியாண்டி சாமி எட்டிப் பாக்குது, வாய மூடு" என்றார். யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா?

செம்பனைக்காரன்:

அக்கா, நீங்கள் பார்த்தது நிஜம்தான். சர்க்கரைப் படிகத்தின் அடுக்கில் சமச்சீர் மையம் கிடையாது, அதாவது எதிரெதிர்ப் பக்கங்கள் ஒன்றுபோல இருக்காது. அது உடையும்போது விரிசலின் ஒரு பக்கம் நேர்மின்னும் மறுபக்கம் எதிர்மின்னும் தங்கிவிடுகின்றன என்பதே வழக்கமான விளக்கம். நடுவிலுள்ள காற்றில் பொறி பாய்ந்து நைட்ரஜன் ஒளிர்கிறது. 1620இலேயே ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் இதை எழுதிவைத்திருக்கிறார். பாட்டிக்கு நல்ல சாட்சி!

எனக்கு நடந்தது வேறு. கோலாலம்பூரில் படித்தபோது, கடைசி வருட ஆய்வுக்காக ஆந்திரசீன் (மூன்று கார்பன் வளையங்கள் தட்டையாக ஒட்டிய மூலக்கூறு) வகைச் சேர்மம் ஒன்றை மூன்று வாரம் மினக்கெட்டுப் படிகமாக்கினேன். புற ஊதா விளக்கில் பச்சையாக ஜொலித்தது. (அப்பா மளிகைக் கடையில் கள்ளநோட்டு பார்க்க வைத்திருந்த மாதிரி விளக்குத்தான்.) எக்ஸ்கதிர் சோதனைக்குப் பொடி வேண்டும் என்றார்கள். கல்வத்தில் அரைத்தேன். மறுபடி விளக்கடித்தால் ஆரஞ்சு! கல்வத்து அழுக்கு ஏதோ கலந்து கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் குப்பியை மூடி வைத்துவிட்டேன். பயம்.

மறுநாள் மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். திட்டவில்லை. பொடியைக் கரைப்பான் ஆவியுள்ள ஜாடிக்குள் வைக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் பச்சை. மூலக்கூறு அதேதான், அடுக்குத்தான் குலைந்திருக்கிறது. தட்டையான வளையங்கள் தள்ளி நிற்கும்வரை பச்சை. அரைக்கிற அழுத்தத்தில் ஒன்றின்மேல் ஒன்று படிந்ததும் எலக்ட்ரான்கள் பக்கத்து மூலக்கூறோடும் உறவாட ஆரம்பிக்கும். வெளிவிடும் ஆற்றல் குறைந்து நிறம் சிவப்புப் பக்கம் சாயும். நெருக்கம் அதிகமானால் பல பொருள்களில் ஒளியே அவிந்துபோகும். வீட்டு மஞ்சளையே பாருங்கள்: ஸ்பிரிட்டில் கரைத்தால் அந்த விளக்கில் பச்சையாகப் பளபளக்கும், பொடியாக இருக்கையில் மங்கல்தான்.

இதற்கு நேர் எதிரான கூட்டமும் உண்டு. 2001இல் ஹாங்காங்கில் பென் சோங் டாங் குழுவினர் சிலோல் என்ற சிலிக்கன் கலந்த வளைய வகையில் அதைக் காட்டினார்கள். கரைசலில் மங்கல், ஒன்றுசேர்ந்தால் பிரகாசம். அந்த மூலக்கூறுகளின் பென்சீன் வளையங்கள் காற்றாடி இறக்கை மாதிரி. கரைசலில் சுழன்று சுழன்றே வாங்கிய ஆற்றலைத் தீர்த்துவிடும். படிகத்துக்குள் சுழல இடம் ஏது? ஒளியாக விடத்தான் வேண்டும். திருகலான வடிவம் என்பதால் தட்டுத் தட்டாகப் படியவும் முடியாது.

அந்தக் குப்பியை மட்டும் அன்றே மூடி வைக்காமல் கேட்டிருந்தால் ஒரு ராத்திரித் தூக்கம் மிச்சம்.

பகாவ் பேத்தி:

தம்பி, நேற்று தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, பத்து நிமிடம் கண்ணை இருட்டுக்குப் பழக்கி, குறட்டால் கற்கண்டை உடைத்தேன். முதல் இரண்டு கட்டியும் ஏமாற்றிவிட்டன. மூன்றாவதில் அதே நீலம். "மா, இன்னொன்னு, இன்னொன்னு" என்று மகன் விடவே இல்லை. அரைக் கிலோ தூளாகிவிட்டது. சரி, நாளைக்குப் பாயசம்தான்.