‘உலர் ஒயின்’ வேண்டாம்: இத்தாலிய ஒயின் சுவைக் குறிப்புகளுக்கு மாற்றுச் சொற்கள்

அன்புள்ள சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். குழு மடலில் வந்த இந்தக் கருத்துக்கு என் பதில்:

> டிரை ஒயின் என்பதற்கு ‘உலர் ஒயின்’ என்றே சொற்பட்டியலில் சேர்த்துவிடலாம். இத்தாலியர்களும் ‘செக்கோ’ என்கிறார்கள். அதற்கும் உலர்ந்தது என்றுதான் பொருள்.

செக்கோவின் நேர்ப்பொருள் அதுதான், மறுக்கவில்லை. ஒயினைப் பற்றிப் பேசும்போது டிரை, செக்கோ இரண்டும் சர்க்கரை பெரும்பாலும் தீர்ந்து இனிக்காமல் இருப்பதையே குறிக்கும். ஆனால் இத்தாலிய ஒயின் ஒன்றைக் குடித்துவிட்டு அதைப் பற்றித் தமிழில் ஒரு பத்தி எழுத உட்கார்ந்தால் இந்தச் சொல் காலை வாருகிறது. அமரோனே என்ற சிவப்பு ஒயினை எடுத்துக்கொள்ளுங்கள். வெரோனாவை ஒட்டிய வால்போலிச்செல்லா மலைச்சரிவுகளில் கொர்வினா முதலான கருந்திராட்சைகளைப் பறித்து, காற்றோட்டமுள்ள பரண்களில் மூன்று நான்கு மாதம் பரப்பி வைக்கிறார்கள். பழம் சுருங்கி, எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. நீர் குறையக் குறையச் சர்க்கரை செறிகிறது. பிறகு நசுக்கி நொதிக்க வைக்கிறார்கள். நொதித்தல் பாதியில் நின்று சர்க்கரை மிஞ்சினால் அது ரெச்சோத்தோ, இனிப்பு ஒயின். சர்க்கரை பெரும்பாலும் ஆல்கஹாலாக மாறும்வரை விட்டால் அமரோனே. ‘அமரோ’ என்றால் கசப்பு. பெயரே அங்கிருந்து வந்ததுதான்.

இதை நம் சொல்லை வைத்து எழுதினால் “உலர் திராட்சையில் செய்த உலர் ஒயின், குடித்தபின் வாய் உலர்கிறது” என்று வரும். மூன்று இடத்திலும் மூன்று வேறு செய்திகள். திராட்சையை உலர்த்தியதால்தான் ஒயின் ‘உலர்’ ஆயிற்று என்று வாசிப்பவர் நினைப்பார். அதே உலர்ந்த பழத்தில் ரெச்சோத்தோ எப்படி இனிக்கிறது என்று கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது.

ஆகவே மூன்றையும் பிரித்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

முதலாவது எளிது. பழத்துக்குச் செய்வதை இத்தாலியர் ‘அப்பாஸ்ஸிமென்தோ’ என்கிறார்கள். அது வாடுவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. நமக்கு ‘வாடவிடல்’ இருக்கிறது. ‘வாட்டல்’ வேண்டாம், அது அனலில் காட்டுவதாகிவிடும். வாடவிட்ட திராட்சை என்றால் யாருக்கும் புரியும்.

மூன்றாவதற்கு வருகிறேன், ஏனென்றால் தமிழுக்குப் பெரிய வசதி இருப்பது இங்கேதான். வாய் வறண்டு இழுத்துப் பிடிப்பதுபோன்ற அந்த உணர்வுக்குத் துவர்ப்பு என்று அறுசுவையிலேயே இடம் கொடுத்து வைத்திருக்கிறோம். நாவற்பழம் தின்ற குழந்தைக்குக்கூட அந்தச் சொல் தெரியும். திராட்சையின் தோல், விதை, காம்பு ஆகியவற்றிலிருந்தும், ஒயினை வைத்திருக்கும் ஓக் மரப் பீப்பாயிலிருந்தும் வரும் டானின்கள் என்னும் துவர்ப்புப் பொருள்கள், எச்சிலில் உள்ள புரதங்களோடு பிணைந்து அவற்றைத் திரியச் செய்கின்றன. வாயின் வழவழப்பு போகிறது. புளிப்பு இதற்கு நேரெதிர், அது எச்சிலை ஊறவைக்கும். பியமோந்தே பகுதியின் பரோலோ என்ற சிவப்பு ஒயின் இரண்டையும் சேர்த்தே தரும். அதைச் செய்யும் நெபியோலோ திராட்சை தரும் நிறம் வெளிறலாகத்தான் இருக்கும். துவர்ப்போ அத்தனை கடுமை. அறுவடைக்குப் பின் குறைந்தது 38 மாதம், அதில் 18 மாதம் மரத்தில், முதிர வைத்த பிறகே விற்கலாம் என்று விதி இருக்கிறது. அதே பகுதியின் பர்பேரா ஒயினில் புளிப்பு மிகுதி, துவர்ப்பு குறைவு. இரண்டுக்கும் ‘வாய் உலர்கிறது’ என்று எழுதினால் இந்த வேறுபாடு முழுக்க அழிந்துபோகும்.

வெள்ளை ஒயினுக்கு இந்தச் சொல் தேவைப்படாது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான வெள்ளை ஒயின்களில் சாற்றைத் தோலிலிருந்து உடனே பிரித்துவிடுவதால் துவர்ப்பு மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் ஃப்ரியூலியின் ஒஸ்லாவியாவில் ரிபோல்லா ஜல்லா என்ற வெள்ளைத் திராட்சையின் சாற்றைத் தோலோடு பல நாள் ஊறவிடுகிறார்கள். நிறம் செம்பொன்னாகிறது, துவர்ப்பும் வந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், கர்கானேகா திராட்சையில் செய்யும் சோவாவே, மார்க்கே பகுதியின் வெர்திக்கியோ ஆகியவை கடைசியில் லேசான பாதாம் கசப்பை விட்டுச் செல்லும். அது கசப்புதான், துவர்ப்பு அல்ல. சுவைக் குறிப்பு எழுதுபவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

எஞ்சியது நடுவில் உள்ளது, செக்கோ. ‘இனிப்பு வற்றிய ஒயின்’ என்று முன்மொழிகிறேன். வற்றியது எது என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது.

---

மறுமொழி:

ஐயா, வணக்கம். துவர்ப்பு, வாடவிடல் இரண்டும் எனக்கு முழுச் சம்மதம். டானினை ‘துவர்ப்பி’ ஆக்க வேண்டுமா என்று தனியே பேசலாம்; இப்போதைக்குப் பொருளுக்கு டானின், உணர்வுக்குத் துவர்ப்பு என்பதே போதும்.

‘இனிப்பு வற்றிய’ எதற்கு? ‘இனிப்பற்ற’ என்று எல்லாருக்கும் தெரிந்த சொல் இருக்கிறதே. முதுகெலும்பிலி போல ‘இனிப்பிலி’ என்றும் சொல்லலாம். முன்பு ஒரு மடலில் ‘இனிப்படங்கிய’ என்றும் வந்தது.

இன்னொரு சிக்கல், புரொசெக்கோ என்ற நுரைக்கும் ஒயின். புட்டியில் ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்று போட்டிருக்கும்; குடித்தால் சற்று இனிக்கும். இதற்கு உங்கள் சொல் எப்படிப் பொருந்தும்?

---

மறுமொழி:

அம்மா, நல்ல கேள்விகள்.

‘இனிப்படங்கிய’ ஓசைக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ‘சர்க்கரை அடங்கிய பானம்’ என்றால் சர்க்கரை உள்ள பானம் என்று பொருள் வருமே. நேரெதிராகப் புரிந்துகொள்ளும் சொல்லை ஏற்க முடியாது.

‘இனிப்பற்ற’, ‘இனிப்பிலி’ இரண்டும் சுழியம் என்று அடித்துச் சொல்கின்றன. விதியோ அப்படிச் சொல்லவில்லை. ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்கு 4 கிராம் வரை சர்க்கரை இருந்தாலும் செக்கோதான். புளிப்பு போதிய அளவு இருந்தால் 9 கிராம் வரைகூடப் போகலாம், ஏனென்றால் புளிப்பு அந்த இனிப்பை நாக்குக்குக் காட்டாமல் மறைத்துவிடும். ஆல்கஹால் சேர்த்துச் செய்யும் சிசிலியின் மர்சாலா ஒயினில் செக்கோ என்பதன் எல்லை 40 கிராம். அதைப் போய் இனிப்பிலி என்று எழுதினால் குடிப்பவர் நம்மை நம்பமாட்டார். வற்றிய ஏரியிலும் ஈரம் இருக்கும்; ‘வற்றிய’ என்ற சொல் அந்த மிச்சத்துக்கு இடம் விடுகிறது.

புரொசெக்கோ விஷயத்தில் உங்கள் ஐயம் சரியானது. நுரைக்கும் ஒயின்களில் லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவு புரூட். 12 முதல் 17 வரை எக்ஸ்ட்ரா டிரை. 17 முதல் 32 வரை டிரை. இந்தப் படிநிலையில் ‘டிரை’ என்பது இனிப்பு கூடிய பக்கத்தில் நிற்கிறது. ஆகவே அவற்றைப் புட்டியில் உள்ளபடியே தமிழ் எழுத்தில் எழுதுவோம், மொழிபெயர்க்க வேண்டாம். ‘இனிப்பு வற்றிய’ என்பதை நுரைக்காத ஒயின்களுக்கும் மர்சாலாவுக்கும் வைத்துக்கொள்வோம்.

செக்கோவுக்கு அடுத்து 12 கிராம் வரை அப்போக்காத்தோ, 45 கிராமுக்குக் கீழே அமாபிலே, அதற்கு மேல் தொல்சே. கடைசி இரண்டுக்கும் ‘மிதஇனிப்பு’, ‘இனிப்பு’ பொருந்தும். அப்போக்காத்தோவுக்கு ‘மெல்லினிப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மிதஇனிப்புக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு காதுக்குப் போதுமா என்று பார்த்துச் சொல்லுங்கள். இதைவிடத் தெளிவான இணை கிடைத்தால் இரண்டையும் மாற்றிவிடலாம்.