ஹார்மோன் ஜெல் போட்டும் கீழே வறட்சி, எரிச்சல் போகவில்லை. கூடவே க்ரீமும் போடலாமா?

மாலதி_கோவை:

எல்லோருக்கும் வணக்கமுங்க. கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

எனக்கு 54 வயது. பீரியட்ஸ் நின்று நாலு வருஷம் ஆச்சு. கர்ப்பப்பை இருக்கிறது. உடம்பெல்லாம் குப்பென்று சூடேறி வேர்த்துக் கொட்டுவது தாங்க முடியாமல் போன வருஷம் டாக்டரிடம் போனேன். எஸ்ட்ராடியால் ஜெல்லும், ராத்திரிக்கு புரோஜெஸ்டிரோன் கேப்சூலும் கொடுத்தார்கள். காலையில் குளித்து முடித்ததும் மேல்கையில் தடவிக்கொள்கிறேன். சூடு போச்சு, தூக்கம் வருகிறது, காரணமே இல்லாமல் வரும் அழுகையும் நின்றது. ஜெல்லைக் குறை சொல்லவே மாட்டேன்.

கீழே உள்ள தொந்தரவு மட்டும் அப்படியே இருக்கிறது. நூல் கடையில் கணக்கு எழுதுகிறேன். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. மத்தியானம் ஆனால் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார வேண்டியிருக்கிறது. வண்டியில் வேகத்தடை ஏறி இறங்கினால் எரிகிறது. சிறுநீர் போன பிறகு ரொம்ப நேரத்துக்குக் காந்துகிறது. நீர்க்கடுப்பு என்று நினைத்து யூரின் கல்ச்சர் பார்த்தால் கிருமியே இல்லை என்று வருகிறது. சுகர் நார்மல். வீட்டுக்காரரோடு சேர்ந்து இருப்பது கத்தியால் கீறுகிற மாதிரி வலிக்கிறது. அவர் நல்ல மனுஷர், வற்புறுத்த மாட்டார். ஆனால் அவரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. இப்போது இரண்டு பேரும் ஆளுக்கொரு நேரத்தில் தூங்கப் போகிறோம். அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

ஜெல் கொடுத்த டாக்டரிடம் சொன்னேன். "அதான் ஹார்மோன் போடறீங்களே, போகப் போகச் சரியாயிடும்" என்றார். வேறொரு டாக்டர் நேரில் சோதித்துப் பார்த்து, தோல் மெலிந்து வெளுத்திருக்கிறது என்று சொல்லி, எஸ்ட்ரியால் க்ரீம் எழுதிக் கொடுத்தார். வாங்கி வந்து பெட்டிக்குள் இருந்த காகிதத்தைப் படித்தால் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம் என்று வரிசையாக இருக்கிறது. பிரிக்காமலே பீரோவில் வைத்திருக்கிறேன்.

ஜெல்லிலும் ஈஸ்ட்ரோஜன், க்ரீமிலும் ஈஸ்ட்ரோஜன். இரண்டையும் ஒரே சமயத்தில் போடலாமா? அதற்காகப் புரோஜெஸ்டிரோனைக் கூட்ட வேண்டுமா? இரண்டும் போட்டுக்கொள்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்க.

ராஜேஸ்வரி_தஞ்சை:

மாலதி, கூச்சப்படவே வேண்டாம். எனக்கு 59. எனக்கும் இதே கதைதான். க்ரீம் பற்றி விவரம் தெரிந்தவர்கள் வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் அந்த இடத்துக்கு சோப்பு, வாசனை வாஷ், டெட்டால் எதையும் கொண்டுபோகாதீர்கள். வெறும் தண்ணீர் போதும். வெளிப்புறம் மட்டும் ராத்திரி ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுவேன், உரசல் குறையும். உள்ளாடை பருத்தியில் கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். நான் இறுக்கமான லெக்கிங்ஸையும் விட்டுவிட்டேன்.

தயவுசெய்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் அவர், எனக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்ன பிறகுதான் மனுஷர் முகத்தில் தெளிவு வந்தது.

லூர்து_அக்கா_லண்டன்:

மாலதி தங்கச்சி, நான் யாழ்ப்பாணம், இப்போது லண்டனில் தாதி. கனகாலமாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கான கிளினிக்கில்தான் வேலை. நீங்கள் எழுதியதை வாரத்தில் பல முறை கேட்கிறேன், எங்கள் தமிழ்ப் பெண்கள் வாயிலிருந்தும்.

இரண்டையும் சேர்த்துப் பாவிக்கலாம். அப்படிப் பாவிக்கிறவர்கள் நிறையப் பேர். ஜெல் போட்டும் கீழே காய்ந்திருப்பது அபூர்வமே இல்லை. ஜெல் தோல் வழியாக இரத்தத்தில் சேர்ந்து உடம்பு முழுக்கப் பரவுகிறது. சூடு அடங்க அந்த அளவு காணும். யோனிச் சுவருக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் அது எல்லோருக்கும் காணாது. "ஹார்மோன் போடுகிறீர்களே, சரியாகிவிடும்" என்று சொல்லிப் பெண்களை அனுப்பிவிடுவது எனக்கு மிகவும் மனவருத்தம் தருகிற விஷயம். சூடும் வியர்வையும் அனேகருக்குச் சில வருஷத்தில் தானாகவே அடங்கும். இந்த வறட்சி அப்படி அடங்காது, பார்க்காமல் விட்டால் கூடிக்கொண்டே போகும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், விளங்கினால் பயம் போகும். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் யோனியின் உட்தோல் மெலிகிறது. அந்தத் தோலில் இருக்கும் கிளைகோஜன்தான் லாக்டோபசில்லஸ் என்ற நல்ல கிருமிகளுக்குச் சாப்பாடு. அவை அதைத் தின்று லாக்டிக் அமிலம் செய்து கெட்ட கிருமிகளை அண்டவிடாமல் வைத்திருக்கும். சாப்பாடு இல்லையென்றால் அவை குறையும், 4-ஐ ஒட்டி இருந்த பி.எச். 5-க்கு மேல் ஏறும், அதாவது அங்கே அமிலம் குறையும். சிறுநீர்க் குழாயின் தோலும் அதே ஈஸ்ட்ரோஜனை நம்பி இருப்பதுதான். கல்ச்சரில் கிருமி இல்லாமலே உங்களுக்குக் காந்துவது அதனால்தான். டாக்டர்கள் 2014 முதல் இந்த எல்லாவற்றையும் சேர்த்து ஜி.எஸ்.எம். என்று ஒரே பெயரில் சொல்கிறார்கள்.

அடுத்து அந்தக் காகிதம். அதில் இருக்கும் பயங்கரமான வரிகள் பெரும்பாலும் 2002-ல் நடுவில் நிறுத்தப்பட்ட டபிள்யூ.எச்.ஐ. என்ற அமெரிக்க ஆய்விலிருந்து வந்தவை. அதில் 16,000-க்கு மேற்பட்ட பெண்கள், சராசரி வயது 63. அவர்களுக்குக் கொடுத்தது வாயால் விழுங்கும் மாத்திரை, அதுவும் வேறு வகை ஈஸ்ட்ரோஜனும் செயற்கைப் புரோஜெஸ்டோஜனும் கலந்தது. யோனிக்குள் வைக்கும் சிறு அளவுக்கும் அதற்கும் சம்பந்தமே குறைவு. 10 மைக்ரோகிராம் எஸ்ட்ராடியால் யோனி மாத்திரையை ஒரு வருஷம் முழுக்க வைத்தாலும், மொத்தம் சேர்வது வாயால் போடும் 1 மி.கி. மாத்திரை ஒன்றின் அளவுதான். அதே டபிள்யூ.எச்.ஐ.யில் யோனி ஈஸ்ட்ரோஜன் பாவித்த பெண்களைப் பின்தொடர்ந்து 2018-ல் முடிவு வெளியிட்டார்கள். பாவிக்காதவர்களைவிட மார்புப் புற்றுநோயோ மாரடைப்போ பக்கவாதமோ அவர்களுக்குக் கூடவில்லை. இங்கே பிரிட்டனில் 2022 முதல் 10 மைக்ரோகிராம் மாத்திரையை 50 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் டாக்டர் சீட்டு இல்லாமலே ஃபார்மசியில் கேட்டு வாங்கலாம். 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.யும் மருந்துக் காகிதத்தில் கறுப்புக் கட்டம் போட்டு இருந்த எச்சரிக்கையை நீக்கப் போவதாக அறிவித்தது. இத்தனை வருஷம் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு எத்தனை பெண்கள் மருந்தை அலமாரிக்குள் வைத்துவிட்டு வலியோடு இருந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்குக் கோபம் வரும்.

புரோஜெஸ்டிரோனைக் கூட்டத் தேவையில்லை. நீங்கள் இப்போது போடும் கேப்சூல் ஜெல்லுக்காகக் கர்ப்பப்பையின் உட்சுவரைக் காப்பது. அதை மட்டும் விட்டுவிட வேண்டாம். குறைந்த அளவு யோனி க்ரீமுக்கென்று தனியாக எதுவும் சேர்ப்பதில்லை.

ஒன்று மட்டும் கவனம். எதிர்பாராமல் ஒரு துளி இரத்தம் பட்டாலும் "வறட்சியால்தான்" என்று நீங்களே முடிவு கட்டாமல் டாக்டரிடம் காட்டவேண்டும். அரிப்புத்தான் முக்கியமான தொந்தரவு, வெள்ளைத் திட்டும் தெரிகிறது என்றால் அது லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். அதற்கு ஸ்டீராய்ட் களிம்புதான் மருந்து, ஈஸ்ட்ரோஜனால் மாறாது. உங்களுடைய இரண்டாவது டாக்டர் நேரில் பார்த்துச் சொன்னது நல்லது. சோதிக்காமல் எழுதித் தருவதைவிட அதுவே சரி.

மாலதி_கோவை:

லூர்து அக்கா, படித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டது. ரொம்ப நன்றி. ராஜி அக்காவுக்கும். பீரோவிலிருந்து க்ரீமை எடுத்துவிட்டேன்.

டாக்டர் "அரை கிராம், தினமும் ராத்திரி, மூணு வாரம், அப்புறம் வாரம் ரெண்டு நாள்" என்று எழுதியிருக்கிறார். பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் குழல் இருக்கிறது. அதை நினைத்தாலே பயம், உள்ளே போகுமா என்று. கர்ப்பப்பை வாய்ச் சோதனைக்குப் பேப் ஸ்மியர் எடுத்தபோதே உயிர் போய்விட்டது. இன்னொன்று, போட்ட அன்று வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கலாமா? எத்தனை நாளில் தெரியும்?

லூர்து_அக்கா_லண்டன்:

டாக்டர் எழுதிய அளவு சரியானதுதான், தங்கச்சி.

குழலுக்குப் பயப்பட வேண்டாம். தொடக்கத்தில் அதை விட்டுவிட்டு விரலாலேயே போடலாம், எத்தனையோ பேருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன். படுக்கப் போகும் முன் கையைக் கழுவுங்கோ. ஒரு பட்டாணி அளவு க்ரீமை விரல் நுனியில் எடுத்து, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, முதலில் யோனி வாசலைச் சுற்றித் தடவுங்கோ. சிறுநீர் வரும் துளைக்குக் கீழே இருக்கும் அந்தச் சிவந்த இடத்தில்தான் அனேகருக்கு எரிவு. மிச்சத்தை விரல் எவ்வளவு சுகமாகப் போகுமோ அவ்வளவு உள்ளே. சில கிழமைகளில், அதாவது சில வாரங்களில், தோல் இளகிய பிறகு குழலைப் பாவிக்கலாம். குழலில் அரை கிராமுக்கான கோடு வரை க்ரீமை ஏற்றுங்கோ. பிறகு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவுங்கோ, கொதிநீர் வேண்டாம்.

முதல் நாட்களில் போட்டவுடன் கொஞ்சம் எரியலாம். தோல் மெலிந்திருப்பதால் அப்படி, போகப் போகக் குறையும். அதைப் பார்த்து நிற்பாட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் விட வேண்டாம். சில கிழமைகளிலேயே வித்தியாசம் தெரியத் தொடங்கும், முழுப் பலனுக்கு மூன்று மாதம் பிடிக்கும். நல்லாகிவிட்டது என்று நிற்பாட்டினால் வறட்சி திரும்ப வரும். ஆகவே கிழமைக்கு இரண்டு முறை என்பது நெடுங்காலத்துக்கு. கிழமையில் இரண்டு நாளைக் குறித்து வையுங்கோ.

சேர்ந்து இருக்கும் இரவில் க்ரீமைப் பிறகு போடுங்கோ, அல்லது அடுத்த நாள். அவர் தோலிலும் ஒட்டும், அதற்காகத்தான். அந்த நேரத்துக்குத் தண்ணீர் அடிப்படையிலான அல்லது சிலிக்கோன் வழுக்கித் திரவம் தனியாக வாங்குங்கோ. வாசனையோ, சூடேற்றும் வகையோ வேண்டாம். ராஜேஸ்வரி சொன்ன தேங்காய் எண்ணெய் வெளியே தடவ நல்லதுதான், ஆனால் ஆணுறை பாவிக்கிறவர்கள் எண்ணெயைத் தொடக்கூடாது, ரப்பர் கிழியும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை என்று நினைக்கிறேன்.

வலிக்கும் வலிக்கும் என்று எதிர்பார்த்து இடுப்படித் தசைகள் தாமாகவே இறுகுவதும் உண்டு. க்ரீம் தோலைச் சரிசெய்யும், தசையைத் தளர்த்தாது. மூன்று மாதத்துக்குப் பிறகும் வாசலில் பூட்டிக்கொள்வது போலிருந்தால் இடுப்படித் தசைக்கென்று பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார்களா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கோ.

வசந்தி_திருச்சி:

இந்த இழையை முன்பே பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு வருஷத்தில் பல முறை யூரின் இன்ஃபெக்‌ஷன், ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக்தான். யாரும் மெனோபாஸோடு சேர்த்துப் பார்க்கவில்லை. ஒரு கிளினிக்கில் யோனிக்குள் லேசர் வைத்தால் நிரந்தரமாகச் சரியாகும் என்று சொல்லி, நகை அடகு வைக்கிற அளவுக்கு ஒரு தொகை கேட்டார்கள். லூர்து அக்கா, லேசர் பற்றி என்ன சொல்கிறீர்கள்?

லூர்து_அக்கா_லண்டன்:

வசந்தி, நகையைத் தொட வேண்டாம். இந்தத் தேவைக்கு லேசர் விற்பதைப் பற்றி எஃப்.டி.ஏ. 2018-லேயே எச்சரித்தது. தீக்காயமும் தழும்பும் வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ஒரு பாதிப் பெண்களுக்கு உண்மையான லேசர், மறுபாதிக்கு வெறும் பாசாங்கு என்று செய்து பார்த்தார்கள். ஒரு வருஷம் கழித்து இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. 2021-ல் வந்த முடிவு அது.

உங்கள் இன்ஃபெக்‌ஷனுக்கும் மாலதியின் க்ரீம்தான் பதில். 1993-லேயே எஸ்ட்ரியால் க்ரீமை வைத்து ஆய்வு செய்திருக்கிறார்கள், அடிக்கடி சிறுநீர்த் தொற்று வந்த 93 பெண்களிடம். க்ரீம் போட்டவர்களுக்கு வருஷத்துக்குச் சராசரி 0.5 தடவை, மருந்தே இல்லாத வெறும் க்ரீம் போட்டவர்களுக்கு 5.9. அந்தத் தாளை அச்சடித்துக்கொண்டு போய் டாக்டரிடம் பேசுங்கோ.

பெயர்_வேண்டாம்:

அக்கா, எனக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து லெட்ரோசோல் போட்டுக்கொண்டிருக்கிறேன். வறட்சி தாங்கவில்லை. நானும் இந்த க்ரீம் போடலாமா? ஆன்காலஜி டாக்டர் ஆண், கேட்க வாய் வரவில்லை.

லூர்து_அக்கா_லண்டன்:

அம்மா, நீங்கள் மட்டும் நீங்களாக வாங்கிப் போடக் கூடாது. லெட்ரோசோல் வேலை செய்வதே ஈஸ்ட்ரோஜனை அடிமட்டத்துக்கு இறக்குவதால்தான். அந்த நிலையில் யோனி வழியாகச் சேரும் சிறு அளவுகூடக் கணக்கில் வரும். டென்மார்க்கில் 2022-ல் வந்த ஆய்வில், இந்த வகை மாத்திரையோடு யோனி ஈஸ்ட்ரோஜன் பாவித்தவர்களுக்கு நோய் திரும்புவது கொஞ்சம் கூடுதலாக இருந்தது. இறப்பு கூடவில்லை. ஆகவே கதவு மூடியது என்றும் இல்லை, முடிவு உங்கள் ஆன்காலஜி டாக்டரோடு சேர்ந்து எடுப்பது.

அதுவரைக்கும் ஹார்மோன் இல்லாத யோனி மாய்ஸ்சரைசர், ஹயலூரானிக் அமிலம் உள்ளதைக் கேளுங்கோ. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, சேர்ந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் தவறாமல். வலி வாசலில்தான் என்றால் 4 சதவீத லிடோகெயின் நீர்மம் ஒன்று உண்டு. பஞ்சில் நனைத்து மூன்று நிமிஷம் அந்த இடத்தில் வைத்து எடுத்தபின் சேர்ந்தால் வலி குறைவதாக மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களிடமே ஆய்வு செய்து பார்த்திருக்கிறார்கள். அதையும் டாக்டரிடம் கேட்டே வாங்குங்கோ. சிலருக்கு மாத்திரையையே டமோக்ஸிஃபென் என்ற வேறு வகை மாத்திரைக்கு மாற்றிவிட்டு, பிறகு க்ரீமைப் பற்றி யோசிப்பதும் உண்டு.

கேட்க வாய் வராவிட்டால், "லெட்ரோசோல் தொடங்கியதிலிருந்து யோனி வறட்சி, எரிவு. என்ன பாவிக்கலாம்?" என்று ஒரு தாளில் எழுதி, மாத்திரை அட்டையோடு சேர்த்து அங்கே இருக்கும் நர்ஸிடம் கொடுங்கோ. எங்கள் கிளினிக்கிலும் பல பேர் அப்படித்தான் நீட்டுவார்கள். நாங்கள் அதை டாக்டர் மேசையில் வைத்துவிடுவோம்.