சென்னை பிளாட்டில் முதல் நாய்: 10 கிலோவுக்குள், நோய் குறைந்த இனம் எது?

நித்யா, மடிப்பாக்கம்:

வணக்கம். இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லாத பிளாட். நான், கணவர், பத்து வயதுப் பையன், ஓய்வுபெற்ற மாமனார். இதுவரை யாரும் நாய் வளர்த்ததில்லை. மாமனார் பகல் முழுக்க வீட்டில் இருப்பார். காலையும் மாலையும் அவர்தான் கீழே அழைத்துப் போவார். இழுத்துக்கொண்டு ஓடும் நாயை அவரால் சமாளிக்க முடியாது. ஏசி இரவில் மட்டும். பையன் பக் வேண்டும் என்கிறான். எதிர்வீட்டில் ஷிட்சூ இருக்கிறது. கடையில் ‘டீகப் பாம்’ (டீக் கோப்பை அளவே இருக்குமாம் பொமரேனியன்) என்று 40 நாள் குட்டி ஒன்றைக் காட்டி, அட்வான்ஸ் கேட்கிறார்கள். அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு அலைய வைக்காத சின்ன இனம் எது? வாங்கும்முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கால்நடை டாக்டர், திருச்சி:

பக்கை முதலில் ஒதுக்கிவிடுங்கள் மேடம். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைக்கும்போது நாக்கிலும் மூக்கின் உள்பக்கத்திலும் இருக்கும் ஈரம் ஆவியாகித்தான் சூடு இறங்கும். பக்கின் முகத்தில் குட்டையானது எலும்பு மட்டும். உள்ளே மேல்வாயின் பின்பகுதியில் இருக்கும் மென்அண்ணமும் சதையும் அதற்கேற்பக் குறையவில்லை. அவை தொண்டைக்குள் தொங்கிக் காற்றை மறிக்கின்றன. ‘அழகாகக் குறட்டை விடுகிறது’ என்று ரசிக்கிற சத்தம் அந்த அடைப்பின் சத்தம். அதோடு சென்னைப் புழுக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். காற்றே ஈரமாக இருந்தால் நாக்கு ஈரம் எங்கே ஆவியாகும்? மே மாதப் பகலில், ஏசி ஓடாத வீட்டில், மாடிப்படி ஏறி வந்த பக் மயங்கி விழுவதற்கு வேறு காரணமே வேண்டாம்.

குட்டையான மூக்கை அளக்க எளிய வழி இருக்கிறது. மூக்கு நுனியிலிருந்து இரு கண்களுக்கு நடுவே இருக்கும் பள்ளம் வரை ஒரு அளவு எடுங்கள். அந்தப் பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடு வரை இன்னொரு அளவு. முதல் அளவு இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்குகூட வராத நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது என்று நெதர்லாந்தில் 2019 முதல் அமல்படுத்துகிறார்கள். அடுத்து மூக்குத் துளைகள். நேர் எதிரே உட்கார்ந்து பார்த்தால் துளை கமா வடிவில் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். வெறும் கோடாகத் தெரிந்தாலோ, மூச்சை இழுக்கும்போது ஓரம் உள்ளே ஒட்டினாலோ வேண்டாம்.

ஷிட்சூவும் குட்டை மூக்குதான். மூச்சுத் தொல்லை பக் அளவுக்கு இல்லாவிட்டாலும், கண் பிதுங்கி இருப்பதால் முடி குத்திக் கருவிழியில் புண் வரும். தினமும் சீவ வேண்டும், கண்ணோரம் துடைக்க வேண்டும், மாதாமாதம் முடி வெட்ட வேண்டும். அந்த வேலைக்கு ஆள் இருக்கிறதா என்று யோசித்து முடிவெடுங்கள்.

ஸ்பிட்ஸ் பிரியன், கோவை:

உங்கள் வீட்டுக்கு இந்தியன் ஸ்பிட்ஸ்தான் என் பரிந்துரை. நம் ஊரில் தலைமுறையாக ‘பொமரேனியன்’ என்று சொல்லி வளர்த்த வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை உண்மையில் இதுதான். சின்ன ரகம் 5 முதல் 7 கிலோ. மூக்கு நீளம், உடம்பு கச்சிதம், நம் வெயிலில் பல தலைமுறை தாண்டி வந்தது. வீட்டுச் சாப்பாட்டுக்கும் பழகியது. நன்றாக வளர்த்தால் 12 வருடத்துக்கு மேல் இருக்கும்.

டீகப் என்று ஒரு இனம் கிடையாது. வளர்ச்சி குன்றிய நாய்களை ஒன்றோடொன்று இணை சேர்த்துக் குட்டி எடுத்தும், வயது குறைந்த குட்டியையே ‘இவ்வளவுதான் வளரும்’ என்று சொல்லியும் விற்கிறார்கள். ஒரு கிலோகூட எட்டாத குட்டி ஒரு வேளை சாப்பாடு தவறினாலே ரத்தச் சர்க்கரை இறங்கித் தள்ளாடும், வலிப்பு வரும். கால் எலும்பு பென்சில் கனம்கூட இருக்காது. பத்து வயதுப் பையனின் மடியிலிருந்து குட்டி குதித்தாலே முறியும். அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஸ்பிட்ஸில் குறை இல்லாமல் இல்லை. முதலாவது குரைப்பு. காலிங்பெல், படிக்கட்டில் காலடிச் சத்தம், கூரியர் எல்லாவற்றுக்கும் குரைக்கும். குட்டியிலேயே, பெல் அடித்ததும் பாயில் போய் உட்கார்ந்தால் தீனி என்று பழக்காவிட்டால் அசோசியேஷனில் புகார் வரும். இரண்டாவது முழங்கால் சில்லு நழுவுவது. ஓடிக்கொண்டிருக்கும் நாய் திடீரென்று ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று நான்கு எட்டு தாவும், காலை ஒரு உதறு உதறும், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல நான்கு காலில் ஓடும். வலி தெரியாததால் வீட்டில் கவனிக்க மாட்டார்கள். டாக்டர் விரலால் தொட்டே 1 முதல் 4 வரை தரம் சொல்லிவிடுவார். தாய்க்கு இது இருந்தால் குட்டியை வாங்காதீர்கள். வழுக்கும் டைல்ஸில் நாய் நடமாடும் இடத்தில் ரப்பர் பாய் போடுங்கள்.

மூன்றாவது மூச்சுக்குழல். சின்ன நாய்களுக்கு அதன் குருத்தெலும்பு தளர்ந்து, வாத்து கத்துவது போல இருமும். கழுத்துப்பட்டையில் கயிறு கட்டி இழுத்தால் இன்னும் மோசமாகும். பட்டையில் பெயரும் போன் நம்பரும் மட்டும் இருக்கட்டும். கயிற்றை மார்பில் மாட்டும் ஹார்னஸில் கட்டுங்கள். மாமனார் கைக்கும் அதுதான் சுலபம்.

வெயில் என்று நினைத்து முடியை மழித்துவிடாதீர்கள். அதற்கு இரண்டு அடுக்கு முடி. மழித்தால் சில நாய்களுக்குத் திரும்ப முளைக்காமலே போகும், தோலும் நேர் வெயிலில் காயும். வாரம் மூன்று முறை அடிமுடி வரை சீவினால் போதும்.

சுமதி, மதுரை:

நீள உடம்பும் குட்டைக் காலுமாக இருக்கும் டாஷண்டை யாரும் சொல்லவில்லையே? குட்டை முடி, சீவும் வேலை இல்லை, 8–9 கிலோதான், மூக்கும் நீளம். பெரியவர்களோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும்.

கால்நடை டாக்டர், திருச்சி:

தரைத்தள வீடாக இருந்தால் நானும் சரி என்பேன் சுமதி மேடம். இங்கே மாடிப்படி இருக்கிறது. டாஷண்டுகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு வாழ்நாளில் முதுகுத்தண்டு வட்டு (டிஸ்க்) பிதுங்கும் நோய் வருகிறது. அந்தக் குட்டைக் காலைக் கொடுக்கும் மரபணு மாற்றமே வட்டையும் சிறு வயதிலேயே காய வைக்கிறது. நாள் முழுக்கப் படி ஏறி இறங்கி, சோபாவிலிருந்து குதித்தால் முதுகுக்கு ஆபத்து கூடலாம். தூக்கிக்கொண்டு இறங்கலாம்தான், ஆனால் வயதானவர் ஒரு கையில் 9 கிலோ நாயும் மறு கையில் கைப்பிடியுமாக தினமும் இரண்டு முறை இரண்டு மாடி ஏறி இறங்குவதை நான் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே டாஷண்ட் வளர்ப்பவர்களுக்கு ஒன்று: முதுகை வளைத்து நிற்பது, தூக்கினால் கத்துவது, பின்னங்கால் பின்னுவது, இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். கால் உணர்வு போனபின் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

பீகிளையும் கேட்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். 10 கிலோவைத் தாண்டும், ஊளைச் சத்தம் இரண்டு தெரு கேட்கும், மோப்பம் பிடித்தால் இழுக்கும். உங்களுக்கு வேண்டாம்.

செல்வி, வேளச்சேரி:

நித்யா அக்கா, குட்டிதான் வேண்டும் என்று இல்லாவிட்டால் இரண்டு மூன்று வயதான ஸ்பிட்ஸையோ ஸ்பிட்ஸ் கலப்பையோ தத்தெடுப்பதையும் யோசியுங்கள். சென்னையில் கைவிடப்படும் வீட்டு நாய்களில் ஸ்பிட்ஸ், ஷிட்சூ, லாப்ரடார் நிறைய. குட்டியிடம் இல்லாத ஒரு வசதி இதில் உண்டு: எடை எவ்வளவு, குரைப்பு எவ்வளவு, முழங்கால் எப்படி, குழந்தைகளோடு எப்படி என்பதெல்லாம் கண்ணெதிரே தெரியும். மூத்திரப் பயிற்சியும் பெரும்பாலும் முடிந்திருக்கும். ப்ளூ கிராஸ் மாதிரி காப்பகங்களில் மாமனாரையும் பையனையும் கூட்டிப்போய், மாமனார் கையிலேயே கயிறைக் கொடுத்து கால் மணி நேரம் நடக்கவிட்டுப் பாருங்கள். கேட்க வேண்டியவை: கருத்தடை ஆகிவிட்டதா, கடைசியாக வெறிநோய் ஊசி எப்போது, உண்ணிக் காய்ச்சல் வந்ததா, பழைய வீட்டில் ஏன் விட்டார்கள்.

நாட்டு நாய்கள் ஆரோக்கியத்தில் முன்னால் நிற்பவை, ஆனால் 12 கிலோவுக்கு மேல் போகும். உங்கள் எடைக் கணக்கில் அடங்காது என்பதால் மட்டுமே விட்டேன்.

நித்யா, மடிப்பாக்கம்:

எல்லோருக்கும் நன்றி. பக் இல்லை என்று பையனிடம் சொல்லியாகிவிட்டது. முதலில் காப்பகத்தில் பார்க்கிறோம், அமையாவிட்டால் ஸ்பிட்ஸ் குட்டி. டாக்டர், குட்டி என்றால் 40 நாளில் வாங்கலாமா? கே.சி.ஐ. (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) பேப்பர் இருந்தால் போதுமா? முதல் மாதம் எதில் தவறு நடக்கும்?

கால்நடை டாக்டர், திருச்சி:

40 நாள் கூடாது. 2017-இல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இனப்பெருக்கத்துக்கு விடும் பெண் நாய்க்கு 18 மாதம் நிறைந்திருக்க வேண்டும், வருடத்துக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது. சீக்கிரம் பிரித்த குட்டி, கடிப்பதில் எங்கே நிறுத்துவது என்பதைக் கூடப்பிறந்த குட்டிகளிடம் கற்றிருக்காது. வீட்டில் சின்னப் பையன் இருப்பதால் இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கே.சி.ஐ. சான்று பரம்பரையைச் சொல்லும், உடல்நலத்தைச் சொல்லாது. தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். ‘வேறு ஊரில் இருக்கிறது’ என்றால் கிளம்பிவிடுங்கள். தாயை நடக்கவிட்டு முழங்காலைப் பாருங்கள், பல் ஈறைப் பாருங்கள். குட்டியிடம் ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் குடற்புழுவோ உண்ணியோ ரத்தத்தைக் குடிக்கிறது. ஆசனவாய் ஓரம் உலர்ந்திருக்க வேண்டும். வயிறு மட்டும் உப்பி விலா எலும்பு தெரிந்தால் புழு. தொப்புளில் மெத்தென்று உருண்டை தட்டுப்பட்டால் குடலிறக்கம். சின்னதாக இருந்தால் கருத்தடையின்போதே தைத்துவிடலாம், அதற்காக நல்ல குட்டியை விட வேண்டாம்.

முதல் மாதம் குட்டிகளைக் கொண்டுபோவது பார்வோ என்ற வைரஸ் நோய். 6–8 வாரத்தில் முதல் கூட்டுத் தடுப்பூசி, பிறகு 3–4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை. இடையில் நிறுத்தினால் பயனில்லை, ஏனென்றால் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி ஊசியை வேலை செய்ய விடாமல் தடுக்கும், அது எந்த வாரம் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை தெருத்தரையில் விடாதீர்கள், கையில் தூக்கிப்போய் ஆட்டோ சத்தம், ஆட்கள், குக்கர் விசில் எல்லாம் பழக்குங்கள். வெறிநோய் ஊசி 3 மாதத்தில். மழைக்காலத்தில் எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரும், அதற்கான ஊசியும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். புழு மருந்து 12 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 6 மாதம் வரை மாதாமாதம், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் எடை போட்டபின்.

மாட்டுப்பால் கொடுக்காதீர்கள், கழிச்சல் வரும். நாளுக்கு நான்கு வேளை குட்டிகளுக்கான தீனி. வளர்ந்தபின் இரண்டு வேளை. தயிர்சாதம் மட்டுமே போட்டு வளர்த்தால் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் போதாமல் கால் வளையும். சாதம் போட்டால் கூடவே வெங்காயம், மசாலா சேர்க்காமல் வேகவைத்த கோழியோ முட்டையோ வேண்டும், அளவை உங்கள் டாக்டரிடம் கேட்டு அமையுங்கள். வெந்த எலும்பு கூடாது. பாயசத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும், பண்டிகை நாளில் தரையில் ஒன்று விழுந்தாலும் பொறுக்கிவிடுங்கள். மாமனாரிடம் பிஸ்கட் விஷயத்தையும் சொல்லுங்கள். 6 கிலோ நாய்க்கு நாள் முழுக்க ஏறக்குறைய 400 கலோரி போதும், நான்கு மாரி பிஸ்கட்டே 100 கலோரி ஆகிவிடும்.

உண்ணி மருந்தை வருடம் முழுக்க விடாதீர்கள். சென்னையில் உண்ணிக்கு ஓய்வு மாதம் கிடையாது. நடந்து வந்ததும் காதின் உள்மடிப்பு, விரல் இடுக்கு, வாலடி மூன்றையும் தடவிப் பாருங்கள். சாப்பிடாமல் சுருண்டு படுத்து, உடம்பு சுட்டு, ஈறு வெளுத்தால், அல்லது மூக்கில் ரத்தம் வந்தால் உடனே ரத்தப் பரிசோதனை. மாநகராட்சி செல்லப்பிராணி உரிமத்துக்கு வெறிநோய் ஊசிச் சான்று வேண்டும், அந்த அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

6–7 மாதத்தில் ஒருமுறை வாயைத் திறந்து பாருங்கள். சின்ன இனங்களில் பால் கோரைப்பல் விழாமல் புதுப்பல்லுக்குப் பக்கத்திலேயே நிற்கும், இரண்டுக்கும் நடுவே உணவு சிக்கி ஈறு அழுகும். இருந்தால் கருத்தடைக்கு மயக்கம் கொடுக்கும்போதே பிடுங்கச் சொல்லிவிடுங்கள், இரண்டு முறை மயக்கம் தேவைப்படாது.