இழை: கழுவுவதற்கு முன் ஃபிலிமுக்குள் இருக்கும் படத்துக்கு என்ன சொல்?

கத்ர் போர்ன் ஆசிரியை, செவ்வாய் காலை

வணக்கம். அவசரம், அதனால் நலம் விசாரிப்பை அப்புறம் வைத்துக்கொள்கிறேன்.

ஆடி விடுமுறையில் இங்கே மொரீசியஸில் எங்கள் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் 11 பேருக்கு ஃபிலிம் கேமராவில் படம் எடுக்கக் கற்றுத் தரப் போகிறோம். மூன்று சனிக்கிழமை. கையேடு நான்கு பக்கம், வியாழன் காலை அச்சகத்துக்குப் போக வேண்டும். மற்ற சொற்களுக்கெல்லாம் ஏதோ ஒன்று போட்டுவிட்டேன். ஒன்றுதான் இடிக்கிறது. பிரெஞ்சில் 'இமாஜ் லத்தாந்த்' என்பார்கள். ஷட்டர் திறந்து மூடியதுமே ஃபிலிமில் ஒளி பட்ட இடம் மாறிவிடுகிறது, ஆனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மருந்தில் போட்டால்தான் தெரியும். அதுவரை உள்ளே இருக்கிற படத்துக்குத் தமிழில் என்ன?

ஏன் இவ்வளவு கவலை என்றால், தைப்பூசக் காவடியில் ஒரு ரோல் முழுக்க எடுத்தேன். 36 படம் தாண்டியும் ஃபிலிமை நகர்த்தும் லீவர் ஓடிக்கொண்டே இருந்தது. அப்போதே வயிற்றைக் கலக்கியது. ஃபிலிமின் நாக்கு எதிர்ச்சுருளில் மாட்டவே இல்லை. லீவரைத் தள்ளும்போது இடப்பக்கக் குமிழ் கூடவே சுற்றுகிறதா என்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், பார்க்கவில்லை. கழுவி எடுத்தால் கண்ணாடி போல் ஒரு நாடா, ஓரத்தில் எண்கள் மட்டும். கழுவும்வரை அந்த ரோலுக்கும் நல்ல ரோலுக்கும் வெளியே ஒரு வித்தியாசமும் இல்லை. சுட்ட பழமா சுடாத பழமா என்று ஔவையைக் கேட்டவன் என்னையும் கேட்டுவிட்டான்.

"கழுவினால் படம் வரும்" என்று சொன்னால், படம் மருந்திலிருந்து வருகிறது என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். படம் முன்பே உள்ளே வந்துவிட்டது என்பதை அந்தச் சொல்லே காட்டினால் நல்லது.

மட்டுறுத்துநர், செவ்வாய் காலை

ஒரு வேண்டுகோள். புகைப்படமா, ஒளிப்படமா, நிழற்படமா என்ற இழையை இரண்டு முறை பூட்டியாகிவிட்டது. இங்கே அதைத் திறக்க வேண்டாம்.

ரோஸ் ஹில் ஐயா, செவ்வாய் நண்பகல்

அம்மா, இதற்கு ஏன் தலையை உடைத்துக்கொள்ள வேண்டும்? தொல்காப்பியர் எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். உள்ளுறை. பாட்டில் குருகும் மீனும் ஆம்பலும்தான் இருக்கும். தலைவன் செய்த கொடுமை சொல்லப்படாமல் உள்ளே இருக்கும். கேட்கத் தெரிந்தவனுக்கு அது தெரியும். உங்கள் ஃபிலிமும் அப்படித்தான், மருந்து என்பது கேட்கத் தெரிந்த தோழி. 'உள்ளுறை படிமம்' என்று போடுங்கள்.

பிரெஞ்சுச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதினால் போதாதா என்று யாராவது வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். இந்தத் தீவில் ரூபாய்த் தாளில் தமிழ் எந்த வரியில் வருவது என்பதற்காக 1998-இல் ஊரே கொந்தளித்து, அந்தத் தாள்களைத் திரும்பப் பெற வைத்தோம். நான்கு பக்கக் கையேட்டில் கோட்டை விடலாமா?

டர்பன் ஐயா, செவ்வாய் மாலை

> 'உள்ளுறை படிமம்' என்று போடுங்கள்

உள்ளுறையில் எனக்குக் குறையில்லை. படிமம்தான் உறுத்துகிறது. வடமொழிப் பிரதிமாவின் பேரப்பிள்ளை அது என்று ஒரு சாரார். இல்லை, 'படி'யிலிருந்து நேராக வந்தது என்பது என் கட்சி. படிதல், படியெடுத்தல், படிக்கல், எல்லாம் ஒரே குடும்பம். தொல்காப்பியப் பாயிரத்திலேயே 'படிமையோன்' உண்டு. அங்கே அது தவக்கோலம் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். கோலம் என்றாலும் உருவம்தானே? ஆக, படிமை என்றால் ஒன்றன்மேல் படிந்த உருவு. ஒளி படிந்தது படிமம். சரி, அப்படிப் பார்த்தால் என் கட்சிப்படியே படிமம் வைத்துக்கொள்ளலாம். என்னை நானே மறுத்துவிட்டேன், மன்னிக்கவும்.

ஆனாலும் பிள்ளைகளுக்குப் 'படம்' போதும். பாம்பு கூடப் படம்தான் எடுக்கிறது.

அடுத்தது ஒற்று. உள்ளுறை படமா, உள்ளுறைப் படமா? உள்ளே உறைந்த, உறைகின்ற, உறையும் படம் என்று விரித்தால் வினைத்தொகை, வல்லினம் மிகாது. உள்ளுறை என்பதைப் பெயராகக் கொண்டால் மிகும். தொல்காப்பியர் உயிரெழுத்தில் தொடங்கும் உவமத்தைப் பக்கத்தில் வைத்துத் தப்பித்துக்கொண்டார். நமக்கு அந்த வசதி இல்லை.

என் முன்மொழிவு வேறு. குறள் 1274: "முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்". மொட்டுக்குள் மணம் இருக்கிறது, ஆனால் விரியவில்லை. இதைவிடத் துல்லியமாக யார் சொல்ல முடியும்? முகைப்படம். கழுவுவதற்கு 'மலர்த்துதல்'. மருந்துக்கு 'மலர்த்தி'.

போர்ட் லூயிஸ் அண்ணன், செவ்வாய் இரவு

நான் மதுரையில் ஸ்டூடியோவில் டார்க் ரூம் பையனாக வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவன். இலக்கணம் தெரியாது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் கடையில் இதற்கென்று சொல்லே கிடையாது. 'கழுவாத ரோல்', 'கழுவின ரோல்', அவ்வளவுதான். டெவலப்பர் மருந்தில் போட்டு, தண்ணீரில் அலசி, படம் நிலைத்து நிற்க ஹைப்போவில் போட்டு, மறுபடியும் அலசி, கிளிப் மாட்டித் தொங்கவிட்டால் கழுவியாச்சு. அப்புறம் பென்சிலைச் சீவிக்கொண்டு நெகட்டிவ் டச்சிங், அதாவது நெகட்டிவில் இருக்கும் குறைகளைத் திருத்துவது. மலர்த்தி என்று முதலாளியிடம் சொல்லியிருந்தால் பூக்கடைக்குப் போடா என்றிருப்பார்.

ஒரு விஷயம் மட்டும். கழுவாத ரோலை முதலாளி பெட்டியில் தனியாக வைப்பார், தொடவிட மாட்டார். "உள்ளே ஒரு கல்யாணமே இருக்குடா" என்பார். டீச்சர் கேட்கிறது அதுதான் என்று நினைக்கிறேன்.

கத்ர் போர்ன் ஆசிரியை, செவ்வாய் இரவு

அண்ணா, அந்த ஒரு வரியைக் கையேட்டில் போட்டுக்கொள்ளட்டுமா?

டர்பன் ஐயா, முகைப்படம் அழகாகத்தான் இருக்கிறது. இரண்டு தொல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் கிரியோல், பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சும் ஆங்கிலமும். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள். நாற்றம் என்றால் அங்கே மணம் என்று விளக்கி முடிப்பதற்குள் ஒரு சனிக்கிழமை போய்விடும். இன்னொன்று பெரியது: முகைப்படம், புகைப்படம். ஒரே ஒரு எழுத்து. அச்சகத்தில் தமிழ் தெரிந்தவர் ஒருவர்தான், அவரும் மிகுந்த அக்கறை உள்ளவர். பிழை என்று நினைத்து அத்தனை முகையையும் புகையாக்கிவிடுவார்.

டர்பன் ஐயா, செவ்வாய் நள்ளிரவு

பார்த்தீர்களா, புகைப்படம் என்ற தவறான சொல் நல்ல சொல்லுக்கு இடம் விடாமல் உட்கார்ந்திருக்கிறது. மட்டுறுத்துநர் பொறுத்தருள்க. நான் அந்தப் பழைய இழையைத் திறக்கவில்லை, சாவித் துவாரம் வழியாக எட்டிப் பார்த்தேன், அவ்வளவே.

ரீயூனியன் தங்கை, புதன் காலை

நான் இங்கே பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். ஃபிலிமுக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் பெயர் வைத்தால் நல்லது.

ஜெலட்டினுக்குள் வெள்ளி புரோமைடு மணிகள். ஒளி பட்ட மணியில் நாலைந்து வெள்ளி அணுக்கள் ஓரிடத்தில் சேர்கின்றன. அவ்வளவுதான் அந்தப் 'படம்'. டெவலப்பர் அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு மணி முழுவதையும் வெள்ளியாக்குகிறது, சுமார் நூறு கோடி மடங்கு பெருக்கம். ஒளி படாத மணியை அது தொடுவதில்லை, அதாவது அந்த நேரத்துக்குள். ஆகவே 'மறைபடம்', 'ஒளிந்த படம்' என்பவை தப்பு. முழுப் படம் ஒன்று திரைக்குப் பின்னால் நிற்பதாகப் பொருள் வந்துவிடும். நிற்கவில்லை. அதன் தொடக்கம் மட்டும் இருக்கிறது.

இதைப் படிக்கும்போது எனக்கு அம்மா பாலில் உறை ஊற்றுவதுதான் ஞாபகம் வந்தது. ஒரு கரண்டி மோர், ஒரு சட்டிப் பால். ராத்திரி மூடி வைத்தால் பார்ப்பதற்குப் பால்தான், ஆனால் அது இனிமேல் பால் இல்லை. சூடு கூடினால் சீக்கிரம் தோயும், புளித்தும் போகும். டெவலப்பரும் அப்படியே: எச்பி5 ஃபிலிமுக்கு ஐடி-11 மருந்தில் 20 டிகிரியில் ஏழரை நிமிடம், தண்ணீர் சூடானால் நேரத்தைக் குறைக்க வேண்டும். ஆகவே 'உறைபடம்'. வினைத்தொகை, ஒற்றுச் சண்டையும் இல்லை.

உறைபனி என்றாலும் பொருந்தும். 1897-இல் ஸ்வீடனிலிருந்து ஆந்த்ரே என்பவர் இரண்டு தோழர்களோடு வடதுருவத்துக்குப் பலூனில் போய்த் திரும்பவில்லை. 1930-இல் ஒரு பனித்தீவில் உடல்களோடு ஃபிலிம் சுருள்களும் கிடைத்தன. 33 ஆண்டுக்குப் பிறகு கழுவினார்கள். 93 படங்கள் தேறின. விழுந்த பலூனுக்குப் பக்கத்தில் ஆள் நிற்பது தெரிகிறது. அத்தனை ஆண்டும் அந்த நாலைந்து அணுக்கள் அங்கேயே உறைந்து கிடந்திருக்கின்றன.

இன்னொன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜெலட்டின் மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. சில ஜெலட்டினில் செய்த ஃபிலிம் நன்றாக வேலை செய்யும், சிலதில் மந்தம். காரணம் புரியாமல் இருந்தது. 1925-இல் கோடக் ஆராய்ச்சியாளர் ஷெப்பர்டு கண்டுபிடித்தார்: மாடு தின்ற தாவரங்களில் இருந்த கடுகு எண்ணெய்ப் பொருள், அதிலிருந்த கந்தகம், ஜெலட்டின் வரை வந்திருக்கிறது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பதை கோடக்காரர்கள் ஆய்வுக்கூடத்தில் நிரூபித்திருக்கிறார்கள்.

ரோஸ் ஹில் ஐயா, புதன் காலை

கடுகு பிரமாதம். ஆனால் உறை என்றால் தபால் உறை, தலையணை உறை, வாள் உறை. பிள்ளைகள் எதை நினைப்பார்கள்?

கத்ர் போர்ன் ஆசிரியை, புதன் நண்பகல்

அதுதான் எனக்கும். நான்காம் பக்கத்தில் 'காய்ந்த நெகட்டிவை வெட்டி உறையில் வைக்கவும்' என்று ஏற்கெனவே இருக்கிறது. உறைபடம் என்றால் உறையில் வைத்த படம் என்றே படிப்பார்கள். தயிர் விளக்கம் மட்டும் எனக்கு வேண்டும். சட்டியும் பாலும் கொண்டுபோய் வகுப்பிலேயே காட்டப் போகிறேன். தை மாதம் என்றால் டெவலப்பர் சூடாகாமல் இருக்கப் பனிக்கட்டி தேட வேண்டியிருந்திருக்கும். இப்போது ஆடிக் குளிர், அந்தத் தொல்லை இல்லை. பால்தான் தோய நேரமாகும்.

மோக்கா மாணவர், புதன் மாலை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இங்கே மகாத்மா காந்தி நிறுவனக் காப்பகத்தில் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர்களின் படங்கள் இருக்கின்றன. 1867 சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்தவர்கள் படம் ஒட்டிய சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். அந்தக் காலத்து முறை ஈரத் தகடு. கண்ணாடியில் மருந்து காய்வதற்குள் எடுத்து, காய்வதற்குள் கழுவ வேண்டும். சில நிமிடங்கள்தான். அந்தப் படங்கள் உள்ளுறையாக இருக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை. பிள்ளைகளை ஒரு நாள் அழைத்து வாருங்கள், காட்டலாம்.

சொல்லைப் பற்றி எனக்குக் கருத்தில்லை. லத்தாந்த் என்றே போட்டால் இங்கே எல்லோருக்கும் புரியும்.

ரோஸ் ஹில் ஐயா, புதன் மாலை

தம்பி, கடைசி வரியை மட்டும் நான் படிக்கவில்லை.

மட்டுறுத்துநர், புதன் இரவு

தனிமடலிலும் இங்கும் வந்ததைக் கூட்டினால்: உள்ளுறை படம் 4, உறைபடம் 3, முகைப்படம் 1, லத்தாந்த் 1. போர்ட் லூயிஸ் அண்ணன் 'டீச்சர் எதைச் சொன்னாலும் சரி' என்கிறார்; அதை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

டர்பன் ஐயா, புதன் இரவு

நாலு வாக்கில் ஒரு சொல் பிறந்துவிட்டது. கையேட்டைப் பொறுத்தவரை நான் அடங்கிப் போகிறேன். என் குறிப்பேட்டில் முகைப்படம்தான் இருக்கும். ஆனால் உள்ளுறை படம் என்று ஒற்றில்லாமல் போடுவதானால், வினைத்தொகை என்று அடிக்குறிப்பு அவசியம். இல்லாவிட்டால் உங்கள் அச்சகத்து அக்கறைக்காரர் 'ப்' போட்டுவிடுவார்.

கத்ர் போர்ன் ஆசிரியை, வியாழன் காலை

அனுப்பிவிட்டேன். 'உள்ளுறை படம்', பக்கத்தில் அண்ணனின் கல்யாண வரி. அடிக்குறிப்புக்கு இடமில்லை ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். கழுவுதல் கழுவுதலாகவே இருக்கிறது, ஹைப்போவும் ஹைப்போவாகவே.

ஒளி கசிந்தோ மருந்து பழசாகியோ ஃபிலிம் முழுக்கச் சாம்பல் ஏறுமே, அதற்கு 'மூட்டம்' என்று போட்டிருந்தேன். அதை யாரிடமும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.