காட்டுக்கு அடியில இருக்குற தரை லிடார்ல எப்படி தெரியுது?

நிலவரைவு:
வணக்கம், சிவில் முடிச்சிட்டு ஜிஐஎஸ் (கம்ப்யூட்டர்ல மேப் டேட்டாவ கையாளுறது) கத்துக்கிட்டு இருக்கேன். கம்போடியாவுல 2012ல ஹெலிகாப்டர்ல லிடார்ங்குற லேசர் ஸ்கேனர் மாட்டி பறந்து, புனோம் குலேன் மலைக்காட்டுல மகேந்திரபர்வதம்ங்குற பழைய நகரத்தோட தெரு, குளம், மேடெல்லாம் எடுத்தாங்கன்னு படிச்சேன். சாதா போட்டோவுல பாத்தா முழுக்க பச்சைதான் தெரியுது. லேசர் இலையை துளைச்சிட்டு போகுமா? ட்ரோன் கேமராவுல பண்ணா செலவு கம்மியாகும்ல?

வரப்பு:
துளைக்காதுங்க. இலைக்கு நடுவுல இருக்குற சந்து வழியாத்தான் கீழ போகுது. அடர்ந்த காட்டுலயும் தரையில அங்கங்க பொட்டுப்பொட்டா வெயில் விழும்ல, அந்த வழிதான். செகண்டுக்கு லட்சக்கணக்குல லேசர் பல்ஸ் (குட்டி ஒளித்துடிப்பு) விடுறதால கொஞ்சமாவது தரை வரைக்கும் போய் சேரும், அதுவும் ஒரே பல்ஸ் கீழ வரவர விரிஞ்சு பாதி இலையில பட்டு திரும்பும், மிச்சம் கிளையில, கடைசியா தரையில. போய்ட்டு வர்ற நேரத்துல 1 நானோசெகண்ட் வித்தியாசம்னா தூரத்துல 15 செ.மீ., அவ்ளோ நுணுக்கமா அளக்கணும்.

கேமராவுக்கு அந்த தரைப்புள்ளி ரெண்டு வேற கோணத்துல தெரிஞ்சாத்தான் உயரம் கிடைக்கும், சின்ன சந்துக்குள்ள அது நடக்காது. வெட்டவெளின்னா தாராளமா போட்டோவே போதும்.

மேகலா_ஜிஐஎஸ்:
மேல சொன்னது சரி, ஆனா ஒரு பல்ஸ்ல கடைசியா திரும்பி வர்ற ஒளி (கடைசி ரிட்டர்ன்) எல்லாமே தரைன்னு நம்பிடாதீங்க. அடர்த்தியான புதர்ல அது புதரோடயே நின்னுடும். கஷ்டமே தரைப்புள்ளிய பிரிக்கிறதுலதான், அதை பிரிக்கிற சாஃப்ட்வேர் ஃபில்டரை இறுக்கமா வச்சா இடிஞ்ச சுவரோட மிச்சத்தையும் செடின்னு சீவித் தள்ளிடும், லூசா விட்டா புதரெல்லாம் மேடாயிடும். தயவுசெஞ்சு டீஃபால்ட் செட்டிங்ல ஓட்டிட்டு விட்டுடாதீங்க, குறுக்குவெட்டு எடுத்து ஒவ்வொரு இடமா கண்ணால பாருங்க. ஹில்ஷேடும் (ஒரு பக்கம் வெளிச்சம் அடிச்ச மாதிரி நிழல் போட்டு மேடு பள்ளத்தை காட்டுற படம்) அப்படித்தான், வெளிச்சம் வர்ற திசையிலயே போற வரப்பு கண்ணுக்கே தெரியாது, அதனால நாலஞ்சு திசையில வெளிச்சத்தை மாத்தி வச்சு பாக்கணும்.

நிலவரைவு:
ரொம்ப நன்றிங்க, இப்பதான் புரியுது. சேட்டிலைட் லிடார் டேட்டா ஃப்ரீயா கிடைக்குதாமே, அதுல இப்படி தேடலாமா?

வரப்பு:
தெரு தேட ஆகாதுங்க. 2018 டிசம்பர்ல சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்புன ஜெடி (GEDI)ங்குற லிடார் கருவியோட ஒரு பல்ஸ் தரையில சுமார் 25 மீட்டர் அகலத்துக்கு விழும், ஒரு பல்ஸுக்கும் இன்னொன்னுக்கும் நடுவுல இடைவெளியும் இருக்கு. மர உயரம், காட்டுல எவ்ளோ கார்பன் இருக்குன்னு கணக்கு போடத்தான் அது. ஐஸ்சாட்-2 சேட்டிலைட் பனிப்பாறை உயரத்துக்காக அனுப்புனது, அதோட பச்சை லேசர் தெளிஞ்ச தண்ணிக்குள்ள கொஞ்ச ஆழம் வரைக்கும் காட்டும். பழகிப் பாக்கணும்னா ஓப்பன்டோபோகிராபி சைட்ல விமானத்துல எடுத்த பாயிண்ட் கிளவுட் (லேசர் அளந்த புள்ளிகளோட தொகுப்பு) ஃப்ரீயா இருக்கு, சின்ன ஏரியாவா இறக்கி கிளவுட்கம்பேர்ங்குற சாஃப்ட்வேர்ல திறந்து ஆரம்பிங்க.