கினெக்ட் கருவியின் அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தீங்கானதா?

கேள்வி:
எங்கள் குழந்தைகள் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவியுடன் இணைந்து உடலசைவை உணரும் கினெக்டின் முன் நெடுநேரம் நின்று விளையாடுகிறார்கள். அதிலுள்ள லேசர் கண்ணுக்குத் தெரியாது என்பதே எனக்கு அச்சம் தருகிறது. விவரம் அறிந்தவர்கள் விளக்க இயலுமா?

மறுமொழி 1:
அச்சத்துக்கு அடிப்படை உண்டு. ஏறத்தாழ 830 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்த ஒளி விழித்திரை வரை செல்லக்கூடியது. புலப்படாததால் இமையும் தானாக மூடிக்கொள்ளாது. ஆயினும் கருவியினுள் இருக்கும் விளிம்பு விளைவுத் தகடு கற்றையை ஆயிரக்கணக்கான புள்ளிகளாகப் பிரித்து அறையெங்கும் பரப்பிவிடுவதால், விழிக்குள் நுழையும் பங்கு மிகச் சிறியது. இயல்பான பயன்பாட்டில் தீங்கற்ற முதல் வகுப்பு லேசராகவே இது வகைப்படுத்தப்பட்டுள்ளது.

மறுமொழி 2:
மூடியைக் கழற்றாதவரைதான் அந்த வகைப்பாடு பொருந்தும். பழுதுபார்ப்பதாக எண்ணித் தகட்டை அகற்றினால், பிரியாத கற்றை நேரே கண்ணில் பாயக்கூடும்.

மறுமொழி 3:
நிண்டெண்டோ வீ என்னும் மற்றொரு விளையாட்டுக் கருவியின் உணரிப் பட்டையில் லேசரே இல்லை, அகச்சிவப்பு எல்.இ.டி.கள் மட்டுமே. மெழுகுவத்திச் சுடரும் அகச்சிவப்பு ஒளி தருவதால், அப்பட்டைக்குப் பதிலாக இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றி வைத்தும் விளையாடலாம்!